கோடு இழுத்தால் பந்து ஏறுமா?

வட்டமான ஒரு பந்து உருண்டு வருகிறது. அதற்குக் கையும் இல்லை, காலும் இல்லை. எதிரே ஒரு பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் ஒரு மேடு. பந்து எப்படிக் கடக்கும்? நீங்கள் ஒரு சிறிய பிளாஸ்டிக் கோலை எடுத்துத் திரையின்மீது ஒரு கோடு இழுக்கிறீர்கள். அந்தக் கோடு வானவில் நிறங்களோடு பாலமாகி நிற்கிறது. பந்து அதன்மீது ஏறி, பள்ளத்தைத் தாண்டி, மேட்டில் போய் இறங்குகிறது.

இது 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கையடக்க வீடியோ விளையாட்டு. பெயர் 'கிர்பி: கேன்வாஸ் கர்ஸ்'. ஜப்பானிலுள்ள ஹால் லேபரட்டரி என்னும் நிறுவனம் உருவாக்கியது. நின்டெண்டோ நிறுவனம் 2004 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட 'டிஎஸ்' என்னும் இரண்டு திரைக் கருவிக்காக எழுதப்பட்டது. ஜப்பானில் 2005 மார்ச் 24 அன்றும், வட அமெரிக்காவில் அவ்வாண்டு ஜூன் மாதத்திலும் விற்பனைக்கு வந்தது. ஐரோப்பாவில் அதன் பெயர் 'கிர்பி: பவர் பெயின்ட்பிரஷ்'.

கதை எளியது. டிராசியா என்னும் ஓவியச் சூனியக்காரி ஓர் உலகத்தையே ஓவியமாக மாற்றி விடுகிறாள். கிர்பி என்னும் கதாநாயகனைக் கைகால் இல்லாத பந்தாக்கி விடுகிறாள். அவளுடைய மந்திரத் தூரிகை நம் கைக்கு வந்து சேருகிறது. பொத்தானை அழுத்திக் குதிக்க வைப்பதுதான் அதுவரை இத்தகைய விளையாட்டுகளின் வழக்கம். இதில் குதிக்கும் பொத்தானே கிடையாது. வரைவது ஒன்றே வழி.

விளையாட்டைப் பற்றி அறிவியல் இதழில் என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இந்த விளையாட்டோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைத் தீர்க்கும் சாக்கில் இயற்பியலின் சில அடிப்படைகளைப் பார்ப்போம்.

வகுப்பறையில் கேட்ட கேள்வி

2006 ஆம் ஆண்டில் நான் பதினொன்றாம் வகுப்பு மாணவன். உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தபோது இந்தக் கருவியையும் விளையாட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஆண்டு முழுவதும் என் மாலை நேரங்கள் அதிலேயே கழிந்தன.

ஒரு நாள் எங்கள் இயற்பியல் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு சரிவையும், சரிவின் அடியில் ஒரு செங்குத்து வளையத்தையும் வரைந்தார். "இந்த வளையத்தை ஒரு குண்டு முழுதாகச் சுற்றி வர வேண்டுமானால், சரிவில் எவ்வளவு உயரத்திலிருந்து அதை விட வேண்டும்?" என்று கேட்டார்.

நான் உடனே எழுந்து, "உயரமே வேண்டாம் சார். கீழேயே வச்சாலும் ஏறிச் சுத்தி வந்துடும்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. "எங்கே பார்த்தே?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்து விட்டு, "சரி. அந்தப் பந்தைத் தள்ளினது யாரு? அதைக் கண்டுபிடிச்சுட்டு வா" என்றார்.

நான் கண்டுபிடிக்கவில்லை. தேர்வு வந்தது; சூத்திரத்தை மனப்பாடம் செய்து எழுதினேன்; மதிப்பெண்ணும் கிடைத்தது. கேள்வி மட்டும் அப்படியே நின்றது. இப்போது நானே கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். சென்ற விடுமுறையில் பழைய பெட்டியைக் குடைந்தபோது அந்தக் கருவி கிடைத்தது. மின்கலத்துக்கு மின்னேற்றம் செய்து விசையைத் தட்டினேன், திரை ஒளிர்ந்தது. ஆனால் கோலால் நான் தொட்ட இடம் ஒன்று. கோடு தோன்றிய இடம் வேறொன்று!

ஆக, விடை காண வேண்டிய கேள்விகள் இரண்டாயின. பந்தைத் தள்ளியது யார்? கோடு ஏன் இடம் மாறியது? இரண்டாவதிலிருந்து தொடங்குவோம்.

தொட்ட இடம் எப்படித் தெரிகிறது?

இன்று நம் கையிலுள்ள கைப்பேசிகளின் திரை மின்தேக்குத் திறனை அடிப்படையாகக் கொண்டது. விரல் மின்சாரத்தைக் கடத்துவதால், அது அருகே வரும்போது திரையிலுள்ள மின்னேற்றப் பங்கீடு சிறிது மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கருவி உணர்கிறது. சாதாரணப் பிளாஸ்டிக் கோலால் தொட்டால் அது உணர்வதில்லை.

டிஎஸ் கருவியின் கீழ்த்திரை வேறு வகை. அது மின்தடைத் திரை. அதில் இரண்டு அடுக்குகள் உண்டு. அடியில் விறைப்பான தகடு. மேலே வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் தாள். இரண்டின் உட்புறங்களிலும் இண்டியம் வெள்ளீய ஆக்சைடு என்னும் பொருள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். இது ஒளியையும் விடும். மின்சாரத்தையும் ஓரளவு கடத்தும். இரண்டு அடுக்குகளும் ஒன்றையொன்று தொடாதவாறு இடையில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு புள்ளிகள் தாங்கி நிற்கும். கோலால் அழுத்தினால் மேல் தாள் அந்த இடத்தில் மட்டும் வளைந்து கீழ்த் தகட்டைத் தொடும்.

இப்போது ஒரு தாளின் இடது ஓரத்துக்குப் பூச்சியம் வோல்ட், வலது ஓரத்துக்கு 3 வோல்ட் கொடுப்பதாக வைத்துக் கொள்வோம். தாள் முழுவதும் ஒரே சீரான மின்தடையாக இருந்தால், இடமிருந்து வலமாக மின்னழுத்தம் படிப்படியாக உயரும். நட்ட நடுவில் 1.5 வோல்ட், மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் 1 வோல்ட். கோல் அழுத்திய இடத்தில் மற்ற தாள் அந்த மின்னழுத்தத்தை எடுத்துக் கொள்ளும். அதை அளந்தால் இடவலத் தூரம் கிடைத்து விடும். அடுத்த நொடிப்பகுதியில் மற்ற தாளுக்கு மேலிருந்து கீழாக மின்னழுத்தம் கொடுத்து, முதல் தாளால் அளந்தால் உயரம் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் நீங்கள் படித்த மின்னழுத்தமானியின் தத்துவம் இதுதான்.

இதைத் திரையாக்கும் எண்ணத்துக்கு ஆய்வகத்தில்தான் வித்திடப்பட்டது. அமெரிக்க இயற்பியலாளர் சாமுவேல் ஹர்ஸ்ட், 1970களின் தொடக்கத்தில் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, பதிவுத்தாள்களில் கருவிகள் வரைந்து தள்ளிய கோடுகளை எண்களாகப் படித்தெடுக்க வேண்டியிருந்தது. கையால் செய்தால் நாட்கணக்காகும். மின்சாரம் கடத்தும் தாளின்மீது பதிவுத்தாளை வைத்து, கோட்டின்மேல் புள்ளி புள்ளியாகத் தொட்டு, மின்னழுத்தத்தை அளந்து தூரத்தை அறியும் முறையை அவர் உருவாக்கினார். பின்னர் அது ஒளி ஊடுருவும் திரையாக வளர்ந்தது. வரைந்த கோட்டைப் படிக்கப் பிறந்த கருவி, பின்னாளில் கோடு வரையும் விளையாட்டுக்குத் தளமானது பொருத்தமே.

இத்திரைக்கு ஒரு குறையும் உண்டு. ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் தொட்டால், அது இரண்டையும் தனித்தனியே அறியாது. இடையில் ஏதோ ஓரிடத்தைத் தொட்டதாகக் கணக்கிடும். இந்த விளையாட்டில் ஒரு நேரத்தில் ஒரு கோலால் ஒரு கோடு மட்டுமே வரைகிறோம். ஆகவே இந்தக் குறை தடையாவதில்லை.

பென்சிலால் ஒரு சோதனை

மேற்கூறியதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் 10 செ.மீ. நீளமும் 1 செ.மீ. அகலமும் உள்ள பட்டையை மென்மையான பென்சிலால் அழுத்தமாகவும் சீராகவும் நிரப்புங்கள். பென்சிலின் உள்ளே இருக்கும் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். பட்டையின் இரு முனைகளையும் 9 வோல்ட் மின்கலத்தின் இரு முனைகளோடு கவ்விகளால் இணையுங்கள். மல்ட்டிமீட்டரை வோல்ட் அளக்கும் நிலையில் வைத்து, அதன் கறுப்பு முனையை மின்கலத்தின் எதிர்முனையோடு சேருங்கள். சிவப்பு முனையால் பட்டையை ஆங்காங்கே தொடுங்கள்.

நடுவில் தொட்டால் ஏறத்தாழ 4.5 வோல்ட் காட்டும். நேர்முனையை நோக்கி நகர நகர எண் ஏறும். பென்சில் பூச்சு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால், எண் சீராக ஏறாமல் தாவும். அந்தத் தாவலை மறந்து விடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

கோடு உண்மையில் கோடா?

டிஎஸ் திரையில் அகலவாக்கில் 256 புள்ளிகளும் உயரவாக்கில் 192 புள்ளிகளும் உள்ளன. திரையின் அகலம் ஏறத்தாழ 61 மி.மீ. ஆகவே ஒரு புள்ளியின் அகலம் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மின்னழுத்தத்தை அளக்கும் சில்லு 0 முதல் 4,095 வரை எண்களைத் தரக்கூடியது. அதாவது ஒரு புள்ளிக்குச் சுமார் 16 படிகள். நம் கை நடுக்கத்தைவிட இது நுட்பமானது.

ஆனால் இட நுட்பம் மட்டும் போதாது. கால நுட்பமும் வேண்டும். திரையில் படம் விநாடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் கோலின் இடத்தை ஒரு தடவை குறித்து, அடுத்தடுத்த குறிகளை நேர்கோடுகளால் இணைப்பதாகக் கொள்வோம். 5 மி.மீ. ஆரமுள்ள வட்டம் ஒன்றை அரை விநாடியில் நிதானமாக வரைகிறீர்கள். 30 குறிகள் கிடைக்கும். முப்பது பக்கமுள்ள பலகோணம் கண்ணுக்கு வட்டமாகவே தெரியும். உண்மை வட்டத்திலிருந்து அதன் விலகல் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அளவே. அதே வட்டத்தைப் பத்தில் ஒரு விநாடியில் அவசரமாக வரைந்தால் 6 குறிகளே கிடைக்கும். வட்டம் அறுகோணமாகி விடும்! விலகல் மூன்றில் இரண்டு மில்லிமீட்டர். ஏறக்குறைய மூன்று திரைப் புள்ளிகள்.

ஆகவே திரையில் நாம் காணும் கோடு, உண்மையில் புள்ளிகளின் வரிசையே. நாடித் துடிப்பை நிமிடத்துக்கு எத்தனை முறை அளக்கலாம், வெப்பநிலையை நாளைக்கு எத்தனை முறை குறிக்கலாம் என்னும் கேள்விகளும் இதே வகையைச் சேர்ந்தவை. மாறும் ஒன்றை அளக்கும்போது, மாற்றத்தைவிட விரைவாக அளக்க வேண்டும். இல்லையேல் வட்டம் அறுகோணமாகத் தெரியும்.

புள்ளிகளின் வரிசை என்பதில் இன்னொரு செய்தியும் உள்ளது. வரிசை என்றால் முதல் புள்ளி உண்டு. கடைசிப் புள்ளி உண்டு. தாளில் வரைந்த கோட்டைப் பார்த்து அது எந்தப் பக்கமிருந்து வரையப்பட்டது என்று கூற முடியாது. இந்த விளையாட்டில் கோடு தன் திசையை மறப்பதில்லை. இடமிருந்து வலமாக இழுத்தால் பந்து வலப்புறம் ஓடும்; வலமிருந்து இடமாக இழுத்தால் இடப்புறம் ஓடும். வடிவில் ஒன்றே போன்ற இரு கோடுகள் எதிரெதிர் வேலையைச் செய்கின்றன. இது வடிவியலில் வரும் கோடு இல்லை. அம்புக்குறி பொருத்திய வெக்டர்.

இங்கேதான் என் ஆசிரியர் கேட்ட கேள்விக்குரிய முதல் துப்பு இருக்கிறது.

பந்தைத் தள்ளியது யார்?

முதலில் இயற்கையின் கணக்கைப் பார்ப்போம். வளையத்தின் உச்சியில் குண்டு கீழே விழாமல் இருக்க, அங்கே அதற்குப் போதிய வேகம் வேண்டும். உச்சியில் குறைந்த அளவு வேகத்தில் செல்லும்போது, குண்டை வட்டப்பாதையில் வளைக்கும் மையநோக்கு விசையைப் புவியீர்ப்பு ஒன்றே தருகிறது. அப்போது வேகத்தின் இருமடி, ஈர்ப்பு முடுக்கத்தையும் வளையத்தின் ஆரத்தையும் பெருக்கி வருவதற்குச் சமம். இந்த வேகத்துக்குரிய இயக்க ஆற்றலைப் பெற, குண்டு உச்சியைவிட அரை ஆரம் அதிக உயரத்திலிருந்து வழுக்கி வந்திருக்க வேண்டும். உச்சியோ தரையிலிருந்து இரண்டு ஆரம் உயரத்தில் உள்ளது. ஆக மொத்தம் இரண்டரை ஆரம்.

குண்டு வழுக்காமல் உருண்டு வந்தால், ஆற்றலின் ஒரு பகுதி அது தன்னைத்தானே சுற்றுவதற்கும் செலவாகும். கெட்டியான கோளத்துக்கு அந்தப் பகுதியையும் சேர்த்தால் தேவையான உயரம் 2.7 ஆரம். வளையத்தின் ஆரம் 10 செ.மீ. என்றால், கோலிக்குண்டைக் குறைந்தது 27 செ.மீ. உயரத்திலிருந்து விட வேண்டும். உராய்வு இருப்பதால் நடைமுறையில் இன்னும் சற்று உயரம் தேவை. வளையத்தின் அடியில் சும்மா வைத்த குண்டு ஒருபோதும் ஏறாது. அன்று வகுப்பு சிரித்ததில் தவறில்லை.

விளையாட்டிலோ, வளையத்தை வரைந்தவுடன் பந்து ஏறி, தலைகீழாகச் சுற்றி, முன்னிலும் வேகமாக வெளியே வருகிறது. ஏன்? ஆலைகளில் மூட்டைகளை மேலே ஏற்றும் கன்வேயர் பட்டையை நினைத்துப் பாருங்கள். பட்டை நின்றிருந்தால் அது வெறும் சரிவு. பட்டை ஓடினால் மூட்டை மேலே ஏறும். ஓட்டும் மோட்டார் அதற்குரிய ஆற்றலைத் தருகிறது. விளையாட்டின் வானவில் கோடு ஓடும் பட்டை. நீங்கள் இழுத்த திசையே பட்டை ஓடும் திசை. கோட்டின்மீது பந்து இருக்கும் வரை, கோட்டின் திசையில் அதை முன்தள்ளு என்று நிரலில் ஒரு விதி இருப்பதுபோலவே பந்து நடந்து கொள்கிறது.

அப்படியானால் அந்தப் பட்டைக்கு மோட்டார் எங்கே? எங்கும் இல்லை. கருவியின் மின்கலத்திலிருந்து ஆற்றல் செலவாவது உண்மை. ஆனால் அது திரையை ஒளிரச் செய்யவும், சில்லுகள் கணக்கிடவும் செலவாகி வெப்பமாக வெளியேறுகிறது. பந்து மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் மின்கலத்துக்கு அது தெரியாது. பந்தின் உயரமும் வேகமும் நினைவகத்தில் இருக்கும் எண்களே. எண்ணைக் கூட்டுவதற்கு விதி போதும். உண்மைக் குண்டை உயர்த்துவதற்கு வேலை செய்தாக வேண்டும். 100 கிராம் நிறையுள்ள குண்டை 1 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ ஒரு ஜூல் ஆற்றல் தேவை. அந்த ஒரு ஜூலை யாராவது தந்தே ஆக வேண்டும்.

என் ஆசிரியருக்கு நான் சொல்ல வேண்டிய விடை இதுதான்: பந்தைத் தள்ளியது கோடு, கோட்டுக்குத் தள்ளும் உரிமையைக் கொடுத்தது நிரலை எழுதியவர்.

மையின் கணக்கு

இதோடு விட்டால் விளையாட்டை ஏமாற்று வேலை என்று ஒதுக்கி விடுவோம். அது சரியன்று. ஆற்றல் அழிவின்மை விதியை நீக்கியவர்கள் அதன் இடத்தில் வேறொரு விதியை வைத்திருக்கிறார்கள். அதுதான் மை.

கோடு வரைய வரைய மை குறையும். தீர்ந்து விட்டால் வரைய இயலாது. சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஊறும். பந்து தரையில் இருக்கும்போது விரைவாக ஊறும். வரைந்த கோடும் நிலைத்திருக்காது. சிறிது நேரத்தில் மறைந்து விடும். வானத்தில் நெடுந்தூரம் கோடு போட்டுக்கொண்டே பறந்து விடலாம் என்று எண்ணிய ஒவ்வொரு சிறுவனும் பாதி வழியில் மை தீர்ந்து பள்ளத்தில் விழுந்திருப்பான். நான் எத்தனை முறை விழுந்தேன் என்பதற்குக் கணக்கில்லை!

மைக்கும் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். திரையில் 3 செ.மீ. உயரத்தில் ஒரு படி இருக்கிறது. செங்குத்தாகக் கோடு வரைந்தால் அதன் நீளம் 3 செ.மீ. தரையோடு 30 பாகைச் சாய்வாக வரைந்தால் நீளம் 6 செ.மீ. இயற்கையில், உராய்வு இல்லையெனில், இரு வழிகளிலும் பந்தை ஏற்றச் செய்யும் வேலை ஒன்றே. சாய்தளத்தில் தேவையான விசை பாதியாகும், தூரம் இருமடங்காகும், பெருக்குத்தொகை மாறாது. புவியீர்ப்பு உயரத்தை மட்டும் கேட்கும்; வந்த வழியைக் கேட்காது. விளையாட்டில் சாய்வு வழிக்கு இருமடங்கு மை செலவாகிறது. மை உயரத்தைக் கேட்பதில்லை. வழியின் நீளத்தை மட்டும் கேட்கிறது. சமதளத்தில் வரைந்த கோட்டுக்கும் அதே விலைதான்.

இயற்கையில் வழியின் நீளத்துக்கேற்ப வரி வசூலிப்பது எது? உராய்வு. ஆகவே மை, ஆற்றலைவிட உராய்வுக்கு நெருங்கிய உறவு. வழியைப் பொறுத்த விசை, வழியைப் பொறுக்காத விசை என்று பாடப்புத்தகம் பிரித்துச் சொல்வதை என் மாணவர்களில் பலர் மனப்பாடம் செய்கிறார்கள். மையையும் உயரத்தையும் வைத்துச் சொன்னபோது அவர்களுக்கு அது எளிதாக விளங்கியது.

எந்த விளையாட்டைப் பார்த்தாலும் நீங்கள் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள். இதில் எது இலவசம்? எதற்கு விலை? எல்லாம் இலவசமானால் அது சலித்துப் போகும். எங்கோ ஒரு வரம்பு இருப்பதால்தான் நாம் யோசிக்கிறோம். மனிதர் வைத்த வரம்பை மனிதர் மாற்றலாம், மையை இருமடங்காக்கலாம். இயற்கை வைத்த வரம்பை அப்படி மாற்ற இயலாது. இரண்டையும் குழப்பிக் கொண்டதுதான் பதினாறு வயதில் நான் செய்த பிழை.

பழைய திரையின் நோய்

இனி இடம் மாறிய கோட்டுக்கு வருவோம். திரையில் பூசிய ஆக்சைடு கண்ணாடியைப் போல நொறுங்கும் தன்மை உடையது. ஒரே இடத்தில் பலமுறை அழுத்தி வளைத்தால் நுண்ணிய விரிசல்கள் விழும். அங்கே மின்தடை கூடும். என் கருவியில் வலது ஓரத்தில்தான் கோடு மிகவும் விலகியது. விளையாட்டில் பந்து பெரும்பாலும் வலப்புறமாகவே முன்னேறும். பதற்றத்தில் அந்த ஓரத்தைக் கோலால் அழுத்தித் தேய்த்தவன் நானே. குற்றம் என் கையினுடையது.

ஓர் எளிய கணக்குப் போடுவோம். திரையின் அகலம் 60 மி.மீ. என்றும், ஒவ்வொரு 10 மி.மீ. பட்டைக்கும் மின்தடை 100 ஓம் என்றும் கொள்க. மொத்தம் 600 ஓம். இடது ஓரத்திலிருந்து 20 மி.மீ. தூரத்தில் தொட்டால் அதுவரை உள்ள தடை 200 ஓம்; மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. 3 வோல்ட்டில் 1 வோல்ட் கிடைக்கும். கருவி 20 மி.மீ. என்று சரியாகப் படிக்கும்.

தாள் முழுவதும் சீராகத் தேய்ந்து எல்லாப் பட்டைகளும் 200 ஓம் ஆகி விட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது! மொத்தத் தடை 1,200, தொட்ட இடம் வரை 400, விகிதம் அதேதான். இந்த முறை தடையை அளப்பதில்லை, விகிதத்தையே அளக்கிறது.

வலது ஓரப் பட்டை மட்டும் விரிசல் விட்டு 300 ஓம் ஆனால்? மொத்தம் 800 ஓம். 20 மி.மீ. இடத்தில் இப்போது விகிதம் நான்கில் ஒன்று, மின்னழுத்தம் 0.75 வோல்ட். கருவி 15 மி.மீ. என்று படிக்கும். கோலுக்கு இடப்புறம் 5 மி.மீ. தள்ளிக் கோடு விழும். வியப்பு என்னவென்றால், தொட்ட இடத்தில் தாள் நன்றாகவே இருக்கிறது. பழுது இருப்பதோ திரையின் மறு ஓரத்தில்! பென்சில் பட்டையில் ஓரிடம் மெலிந்தால் எல்லா அளவுகளும் மாறுவதை உங்கள் சோதனையிலும் காணலாம்.

இதைச் சரிசெய்யக் கருவியிலேயே வழி உண்டு. அது காட்டும் குறிகளைக் கோலால் தொட்டால், தொட்ட இடத்தையும் படித்த எண்ணையும் ஒப்பிட்டுத் திருத்திக் கொள்ளும். நான் அப்படியே செய்தேன். நம் கணக்கின்படி, பழுதில்லாத ஐந்து பட்டைகளிலும் படித்த எண் உண்மைத் தூரத்தின் முக்கால் பங்கு. எனவே ஒரே திருத்தம் அவை அனைத்தையும் சரிசெய்து விடும். ஆறாவது பட்டையில் மட்டும் அந்தத் திருத்தம் பலிக்காது. 55 மி.மீ. இடத்தில் தொட்டால் 65 மி.மீ. என்று வரும், அப்படி ஓர் இடமே திரையில் கிடையாது. என் கருவியிலும் நடந்தது இதுதான். திருத்திய பின் திரையின் பெரும்பகுதியில் கோடு கோலின் நுனியிலேயே பிறந்தது. வலது ஓரத்தில் மட்டும் இன்றும் விலகுகிறது.

எஞ்சி நிற்பது

டிஎஸ் வகைக் கருவிகள் உலகெங்கும் 15 கோடிக்கும் மேல் விற்றன. இப்போது அவற்றின் உற்பத்தி நின்று விட்டது. இருக்கும் ஒவ்வொன்றின் தாளும் நாளுக்கு நாள் மூப்படைந்து வருகிறது. 2015 ஆம் ஆண்டில் இதே வகையில் 'கிர்பி அண்ட் தி ரெயின்போ கர்ஸ்' என்னும் விளையாட்டு நின்டெண்டோவின் 'வீ யூ' கருவிக்காக வந்தது. பழைய விளையாட்டையும் அக்கருவிக்கு விலைக்கு இறக்கிக் கொள்ளும் வசதி இருந்தது. வீ யூவின் கைத்திரையும் மின்தடைத் திரையே. ஆனால் அதற்கான இணையக் கடையில் 2023 மார்ச் 27 அன்று விற்பனை நிறுத்தப்பட்டது. நிரலைப் படியெடுத்து வைப்பது எளிது. கோலை அழுத்தும்போது தாள் சற்றே வளைந்து கொடுப்பதை, அந்த உணர்வைப் படியெடுக்க முடியாது. இத்தகைய கருவி உங்களிடம் இருந்தால் கூர்மையான பொருளால் தொடாதீர்கள், மெல்ல அழுத்துங்கள், அது அழுத்தத்தின் அளவைக் கேட்பதில்லை, இடத்தை மட்டுமே கேட்கிறது.

சென்ற மாதம் அந்தக் கருவியை என் வகுப்புக்குக் கொண்டு சென்றேன். கரும்பலகையில் சரிவையும் வளையத்தையும் வரைந்தேன். வளைந்த பிளாஸ்டிக் குழாயையும் ஒரு கோலிக்குண்டையும் மேசையில் வைத்தேன். முதலில் விளையாட்டைக் காட்டினேன். பந்து அடியிலிருந்து ஏறிச் சுற்றியது. பிறகு குண்டைக் குழாயின் அடியில் வைத்தேன், அது அசையவில்லை. 20 செ.மீ. உயரத்திலிருந்து விட்டேன், பாதி ஏறித் திரும்பியது. 35 செ.மீ. உயரத்திலிருந்து விட்டபோது சுற்றி வந்தது.

முன் வரிசையில் இருந்த ஒரு மாணவி, "சார், அந்தப் பந்து மட்டும் எப்படி ஏறுச்சு?" என்று கேட்டாள்.

விடை என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. "தள்ளினது யாருன்னு கண்டுபிடிச்சுட்டு வாம்மா" என்றேன்.

மறுநாள் காலையில் வகுப்பு தொடங்குமுன்பே அவள் ஒரு தாளுடன் வந்து நின்றாள். அதில் ஒரு கோடு வரைந்திருந்தாள். கோட்டின் முனையில் ஓர் அம்புக்குறி இருந்தது.